பின்னால் நின்ற அண்ணன்

கச்சேரிக்குப் போனால் நாம் பாடகரைப் பார்க்கிறோம். பிடில்காரர் ஒரு பிடி பிடித்தால் அவரைப் பார்க்கிறோம். தனி ஆவர்த்தனம் வந்தால் மிருதங்கக்காரரைப் பார்க்கிறோம், அல்லது காப்பி சாப்பிட எழுந்து போகிறோம். பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிறவரை யாராவது பார்ப்பதுண்டா? அந்தத் தந்தி ஒரு நிமிஷம் ஓய்ந்தால்தான், "அடடா, இத்தனை நேரமும் அங்கே ஒன்று இருந்ததே!" என்று நமக்கு உறைக்கிறது.

நான் சொல்ல வந்த மனிதர் தம்புராக்காரர் அல்ல. மின்சார கிதார் வாசித்தவர். ஆஸ்திரேலியாக்காரர். காது செவிடுபடும்படி வாசிக்கும் 'ஏஸி-டிஸி' என்ற ராக் கோஷ்டியைச் சேர்ந்தவர். மால்கம் யங் என்று பெயர். நாற்பது வருஷ காலம் மேடையில் பின்னால் நின்றே காலம் தள்ளியவர்.

"இந்தச் சத்தத்துக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகிகள் கேட்பது என் காதில் விழுகிறது. சம்பந்தம் என் அக்கா பிள்ளை மூலம் வந்தது. கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு இந்தக் கோஷ்டி என்றால் உயிர். விடுமுறைக்கு வந்திருந்தவன், "ஒரே ஒரு தடவை முழுக்கப் பாருங்களேன், சித்தி" என்று ஒரு கச்சேரிப் படத்தைப் போட்டுக் காட்டினான். 2009-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், அர்ஜென்டினாவின் தலைநகரான போனஸ் அயர்ஸில், ரிவர் பிளேட் மைதானத்தில் மூன்று இரவுகள் நடந்த கச்சேரி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஜனங்கள். அத்தனை பேரும் ஒரே தாளத்தில் குதிக்கிறார்கள். மைதானமே சமுத்திரம் மாதிரி பொங்கித் தாழ்கிறது. மேடையின் முன்னால் ஐம்பத்து நாலு வயசு மனிதர் ஒருவர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அரை நிஜாரும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கிதாரோடு ஓடுகிறார், துள்ளுகிறார், தரையில் விழுந்து சக்கரமாகச் சுழல்கிறார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் தாயார், "ஐயோ பாவம், அந்தப் பிள்ளைக்கு வயிற்று வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் பார்த்தது அவரை அல்ல. அவருக்குப் பின்னால், அலமாரிகளை அடுக்கி வைத்த மாதிரி இருந்த ஒலிபெருக்கிகளின் ஓரத்தில், குள்ளமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஓட்டமில்லை, ஆட்டமில்லை. ஒரு கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பல்லவி வந்ததும் நாலடி முன்னால் வந்து மைக்கில் கூடச் சேர்ந்து பாடினார். பாடியானதும் நாலடி பின்னால் போய், விட்ட இடத்தில் நின்றுகொண்டார். வீட்டு விசேஷத்தில் பந்தி விசாரிக்க வந்துவிட்டுத் திரும்பச் சமையல் கட்டுக்குப் போகிற பெரிய மருமகள் ஞாபகம்தான் எனக்கு வந்தது.

"அவர் யார்?" என்றேன்.

"அவர்தான் எல்லாம். முன்னால் ஆடுகிறவரின் அண்ணன்" என்றான் பையன்.

அதற்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்த கதை இது.

ஸ்காட்லாந்து தேசத்தில் கிளாஸ்கோ நகரத்தில், வில்லியம் யங் என்பவருக்கும் அவர் மனைவி மார்கரெட்டுக்கும் எட்டுக் குழந்தைகள். ஏழு பிள்ளைகள், ஒரே பெண். பெண்ணுக்கும் தாயார் பெயரே, மார்கரெட். மால்கம் ஏழாவது, 1953-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி பிறந்தவர். அவருக்குப் பின் இரண்டு வருஷம் கழித்து வந்த கடைக்குட்டி ஆங்கஸ். நாம் பார்த்த அரை நிஜார்க்காரர் இவர்தான்.

1962-63 குளிர்காலம் பிரிட்டனில் மிகவும் கொடுமையாக இருந்தது. மாதக் கணக்கில் பனி. அந்தச் சமயத்தில் ஆஸ்திரேலிய சர்க்கார் பிரிட்டிஷ் குடும்பங்களை வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்குத் தலைக்குப் பத்துப் பவுன் கட்டணம், குழந்தைகளுக்கு இனாம். எட்டுக் குழந்தைகள் பெற்ற வீட்டில் இந்தக் கணக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! 1963 ஜூன் மாதம் குடும்பம் சிட்னிக்குக் கிளம்பிவிட்டது. மால்கமுக்கு வயசு பத்து, ஆங்கஸுக்கு எட்டு. வில்லவுட் என்ற இடத்தில், குடியேறி வருகிறவர்களுக்காகச் சர்க்கார் வைத்திருந்த தங்கல் விடுதியில் முதலில் இருந்தார்கள். பிறகு பர்வுட் என்ற பேட்டையில் ஒரு வீடு கிடைத்தது.

அந்த விடுதியில்தான் அவர்களுடைய அண்ணன் ஜார்ஜ், ஹாலந்து தேசத்திலிருந்து வந்திருந்த ஹாரி வாண்டா என்ற பையனைச் சிநேகம் பிடித்தார். இரண்டு பேரும் இன்னும் சிலரோடு சேர்ந்து 1964-இல் 'ஈஸிபீட்ஸ்' என்ற கோஷ்டியை ஆரம்பித்தார்கள். 1966-இல் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டு ஆஸ்திரேலியாவில் முதல் இடத்துக்கு வந்தது. இங்கிலாந்திலும் ஓகோ என்று ஓடியது. பர்வுட் வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்த தம்பிகள் இருவரும் சொந்த வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல் நின்ற நாளும் உண்டாம். அண்ணனுக்குக் கிடைத்த புகழைத் தம்பிகள் பார்த்தார்கள். சில வருஷத்தில் அந்தக் கோஷ்டி கலைந்து, கையில் காசு நிற்காமல் அண்ணன் கஷ்டப்பட்டதையும் பார்த்தார்கள். மால்கம் பிற்காலத்தில் கணக்கு வழக்கில் கறாராக இருந்ததற்கு இந்தப் பாடமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மால்கம் பதினைந்து வயசில் படிப்பை நிறுத்தினார். வேலைக்குப் போன இடம் எது தெரியுமோ? பெண்களின் உள்ளாடை தைக்கும் தொழிற்சாலை! அங்கே தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவருடைய உத்தியோகம். பகலில் எண்ணெய்க் கை, ராத்திரியில் கிதார்.

1973-ஆம் வருஷக் கடைசியில், இருபது வயசு மால்கம், பதினெட்டு வயசுத் தம்பியைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் கோஷ்டி கட்டினார். பெயர் வைத்தவள் அக்கா மார்கரெட். தையல் இயந்திரத்தின் மேல் 'ஏஸி-டிஸி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாளாம். மாறு மின்சாரம், நேர் மின்சாரம் இரண்டிலும் ஓடும் என்று அர்த்தம். தம்பிக்குப் பள்ளிக்கூட உடுப்பைப் போட்டு மேடையேற்றலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். ஐம்பது வருஷமாக உலகமெல்லாம் பனியனிலும் தொப்பியிலும் அச்சடித்து விற்கிற பெயரும், உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் வேஷமும் ஒரு பெண்மணி தந்தவை. எத்தனை ரஸிகர்களுக்கு இது தெரியும் என்று என் அக்கா பிள்ளையைக் கேட்டேன். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

1973 டிசம்பர் 31-ந் தேதி இரவு, சிட்னியில் 'செக்கர்ஸ்' என்ற கேளிக்கை விடுதியில் முதல் கச்சேரி. அடுத்த வருஷம் பான் ஸ்காட் பாட வந்து சேர்ந்தார். அவரும் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவரே. இசைத் தட்டுக்களைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் அண்ணன் ஜார்ஜும் ஹாரி வாண்டாவும். ஆகக் குடும்பத் தொழில் ஆகிவிட்டது. 1976-இல் லண்டனுக்குக் குடிபோனார்கள்.

பாட்டுக்களின் வரிகளை அப்படியே மொழிபெயர்த்து உங்கள் கூடத்தில் வைக்க எனக்குத் தைரியமில்லை, வேண்டாம். வாசிப்பைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மாதிரிக் கோஷ்டிகளில் கிதாரில் இரண்டு உத்தியோகம். ஒருவர் முன்னால் வந்து வேகமாக ஸ்வரங்களை அள்ளி இறைப்பார், கைதட்டல் அவருக்கு. இன்னொருவர் 'ரிதம்' கிதார், அதாவது பாட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவர். மால்கமுக்கு முன்னால் நின்று வாசிக்கவும் தெரியும். ஆரம்பத்தில் வாசித்தும் இருக்கிறார். தம்பிக்கு அது நன்றாக வருகிறது என்று கண்டதும் அந்த இடத்தை அவருக்கே விட்டுவிட்டார். பாட்டின் உயிரான சின்ன ஸ்வரக் கோவைகளில் பெரும் பகுதியை, 'ரிஃப்' என்கிறார்கள், உண்டாக்கியவர் மால்கம். கோஷ்டியில் யார் இருப்பது, எங்கே போவது, எந்தப் பாட்டு நிற்கும், எது போகும் என்று தீர்மானித்தவரும் அவர்தான்.

அவருடைய கிதாரைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1963-இல் செய்த 'கிரெட்ஷ்' கிதார். அண்ணன் ஜார்ஜின் கோஷ்டியார் வழியாக இவர் கைக்கு வந்தது. நல்ல சிவப்பு வர்ணம் பூசியிருந்தது. இவர் சுரண்டி எடுத்து வெறும் மரமாக்கினார். தந்தியின் நாதத்தை மின்சாரமாக்கும் காந்தக் கட்டைகளில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றி எறிந்தார். கழற்றின இடம் பள்ளமாகவே கடைசி வரைக்கும் இருந்தது. தேவையில்லாததைக் கழற்று என்பது தையல் இயந்திர மெக்கானிக்கின் புத்தி போலும்! கனமான தந்தி கட்டி, பலமாக அடித்து வாசிப்பார். ஆனால் ஓசை கலங்காது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். எங்கே அடிக்கிறார் என்பதைவிட எங்கே சும்மா இருக்கிறார் என்பதுதான் அந்த வாசிப்பின் ரகசியம். மூன்று அடி, மௌனம், மறுபடி அடி. அந்த மௌனத்தில் தலை தானாக ஆடுகிறது. என் தலையும் ஆடியது. அக்கா பிள்ளை பார்க்கவில்லை.

1979-இல் அமெரிக்காவிலும் பெயர் வந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. இசைத் தட்டுக் கம்பெனிக்காரர்கள், தயாரிப்பாளரை மாற்ற வேண்டும் என்றார்கள். சொந்த அண்ணனை விலகச் சொல்வதா? தம்பிகளுக்கு மனசு சங்கடப்பட்டது. ஜார்ஜ் விலகிக்கொண்டார். பிறகு 1986-லும், 1988-லும், 2000-லும் அதே அண்ணனைத் தம்பிகள் கூப்பிட்டார்கள். அவரும் வந்து தயாரித்துக் கொடுத்தார். பேச்சு வார்த்தையில்லாமல் போகிற எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். இது அப்படிப் போகவில்லை.

1980 பிப்ரவரி 19-ந் தேதி பான் ஸ்காட் லண்டனில் இறந்து போனார். முப்பத்து மூன்று வயசு. இரவெல்லாம் குடித்துவிட்டு ஒரு காரில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பத்திரிகையிலும் ரேடியோவிலும் செய்தி வருவதற்குள் ஆஸ்திரேலியாவிலுள்ள பெற்றோருக்கு யாராவது சொல்லியாக வேண்டுமே? டெலிபோனை எடுத்தவர் மால்கம். இருபத்தேழு வயசுப் பையனுக்கு அந்த டெலிபோன் எத்தனை கனமாக இருந்திருக்கும்! அந்தப் பெற்றோரே, "நீங்கள் நிறுத்திவிடக் கூடாது" என்று தைரியம் சொன்னார்கள் என்று படித்தபோது என் கண்ணில் நீர் வந்தது.

தம்பியைக் கூப்பிட்டு, சும்மா உட்கார்ந்து அழுவதைவிடப் பாட்டு வேலையைப் பார்ப்போம் என்று சொன்னவரும் அண்ணன்தான். பிரையன் ஜான்ஸன் என்ற இங்கிலாந்துக்காரர் பாட வந்தார். பஹாமாஸ் தீவில் ஒலிப்பதிவு. அந்த வருஷம் ஜூலை மாதமே 'பேக் இன் பிளாக்' என்ற இசைத் தட்டு வெளிவந்துவிட்டது. துக்கத்துக்கு அடையாளமாக மேலுறை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு மணியோசையோடு ஆரம்பிக்கிறது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற இசைத் தட்டுக்களில் அது ஒன்று. ஐந்து கோடிப் பிரதிகள் என்று மதிப்பிடுகிறார்கள்.

குடி, தோழனைக் கொண்டு போயிற்று. ஆனாலும் மால்கமை அது விடவில்லை. அவரும் அதை விடவில்லை. 1988-இல், நடுச் சுற்றுப் பிரயாணத்தில், இனி முடியாது என்று கோஷ்டியை விட்டுச் சிகிச்சைக்குப் போனார். அவர் இடத்தில் நின்று வாசித்தவர் ஸ்டீவி யங். மூத்த அண்ணன் ஸ்டீவனின் பிள்ளை. சித்தப்பாவைவிட மூன்று, நாலு வயசுதான் சின்னவர். முகமும் அதே ஜாடை. ஆள் மாறியதே ரஸிகர்கள் பலருக்குத் தெரியவில்லை என்பார்கள். சில மாசங்கள் கழித்து மால்கம் குடியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். மேடையிலிருந்து இதைப் பற்றி ஒரு பிரசங்கம் கிடையாது. எனக்கு அவரிடம் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி.

2008-இல் 'பிளாக் ஐஸ்' என்ற இசைத் தட்டைப் பதிவு செய்யும்போதே மால்கமுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. எதையும் ஒழுங்காக அடுக்கி வைக்கிற மனிதருக்கு, அடுக்கி வைத்தது எங்கே என்று தெரியவில்லை. டிமென்ஷியா என்கிற மறதி நோய். அதே வருஷம் உலகச் சுற்றுப் பிரயாணமும் தொடங்கியது. தொடர வேண்டுமா என்று தம்பி கேட்டார். கட்டாயம் என்றார் அண்ணன். 2010 ஜூன் வரையில் போனார்கள். தாமே கட்டின பாட்டுக்களை, நூற்றுக் கணக்கான மேடைகளில் வாசித்த பாட்டுக்களை, ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் உட்கார்ந்து புதிதாகப் பாடம் பண்ணிக்கொண்டு மேடையேறினார்.

போனஸ் அயர்ஸ் மைதானத்தில் நான் பார்த்தேனே, அந்த இரவுகள் இந்தப் பிரயாணத்தில்தான் வருகின்றன. இதைப் படித்த பிறகு அந்தப் படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். தாளம் எங்கேயும் தவறவில்லை. முகத்தில் மட்டும் ஒரு கவனம். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் கவனம். முன்னால் தம்பி தரையில் புரள்கிறார், ஜனங்கள் கத்துகிறார்கள். தம்பி அப்படித் தைரியமாகப் புரளலாம். ஏனென்றால் பின்னால் அண்ணன் இருக்கிறார். அண்ணனுக்குப் பின்னால் என்ன இருந்தது? மத்தியானம் படித்த பாடம்.

எங்கள் பெரியம்மாவுக்கும் கடைசி ஆறு வருஷம் இந்த நோய்தான். என்னை என் தாயார் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. ஆனால் மல்லிகைப் பூவையும் நாரையும் எதிரில் வைத்தால் விரல்கள் தாமாக ஓடும். இழை இழையாக நெருக்கமாகத் தொடுத்துவிடுவாள். பிறகு அதுவும் தடுமாறியது. தொடுத்தது பாதியில் உதிர்ந்துவிடும். "அவளை ஏன் சிரமப்படுத்துகிறீர்கள்? பூவைக் கொடுக்காதீர்கள்" என்று மாமா கோபித்துக்கொண்டார். "கொடுக்காவிட்டால்தான் அவளுக்குச் சிரமம்" என்றாள் என் தாயார். தினம் சாயங்காலம் பூ வந்தது. ராத்திரி பெரியம்மா தூங்கின பிறகு என் தாயார் உட்கார்ந்து அதைத் திருத்திக் கட்டுவாள். யார் சொன்னது சரி? வீட்டில் அப்போது இரண்டு கட்சி. இப்போதும் இரண்டு கட்சி. நான் என் தாயார் கட்சி. மால்கமை மேடையேற்றியது சரியா என்று கேட்கிறவர்களுக்கும் எனக்கு இதுதான் பதில்: அவரை யாரும் ஏற்றவில்லை, அவர் ஏறினார். தம்பி பூவை எடுத்து ஒளித்து வைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. நுரையீரலில் புற்று நோய் கண்டு சிகிச்சை நடந்தது, இருதயத்திலும் கோளாறு. 2014 ஏப்ரலில் மால்கம் ஓய்வு எடுத்துக்கொள்கிறார் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில், இனித் திரும்பி வர மாட்டார் என்றார்கள். குடும்பத்தார் நோயின் பெயரையும் ஒளிக்காமல் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு இந்த நோயைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் ஞாபக மறதி" என்று சமாளிக்கிற நமக்கு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று தெரியும். அந்த வருஷமே நவம்பரில் வந்த புது இசைத் தட்டில் சித்தப்பாவின் இடத்தில் வாசித்தவர் ஸ்டீவி.

இது நியாயமா, அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் இடத்தில் இன்னொருவரா என்று சண்டை போட்ட ரஸிகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பான் ஸ்காட் போனபோது நிறுத்தாதே என்று தம்பிக்குச் சொன்னது யார்?

2017-ஆம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி அண்ணன் ஜார்ஜ் எழுபது வயசில் காலமானார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 18-ந் தேதி மால்கமும் போய்விட்டார். அறுபத்து நாலு வயசு. மனைவியும் மக்களும் பக்கத்தில் இருந்தார்கள். சிட்னியில் புனித மேரி தேவாலயத்தில் இறுதிப் பிரார்த்தனை நடந்தது. வர்ணம் சுரண்டிய அந்தப் பழைய கிதாரை அன்றைக்குத் தம்பி கையில் ஏந்தி வந்தார்.

பீரோவைத் திறந்து பெரியவர்களின் நோட்டுப் புத்தகங்களைப் பார்க்கும் துணிவு நமக்கு எத்தனை நாளில் வருகிறது? ஆங்கஸுக்கு அந்தத் துணிவு வந்தது. அண்ணனும் தம்பியுமாகச் சேர்த்து வைத்திருந்த மெட்டுக்கள் நிறைய இருந்தன. அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து 2020 நவம்பரில் 'பவர் அப்' என்ற இசைத் தட்டை வெளியிட்டார். எல்லாப் பாட்டுக்கும் இரண்டு பெயர்: ஆங்கஸ் யங், மால்கம் யங்.

2024-இல் கோஷ்டி மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பியது. தம்பிக்கு அறுபத்தொன்பது வயசு. இன்னும் அதே அரை நிஜார். ஸ்டீவி ஒலிபெருக்கிகளின் ஓரத்தில் நிற்கிறார். பல்லவி வந்தால் நாலடி முன்னால் வருகிறார். பாடியானதும் பின்னால் போய்விடுகிறார்.